புற்று திருப்பித் தந்த பெயர்கள்

மண்ணையே மேனியாகவும் மழையையே மூச்சாகவும் கொண்டு, உண்டதை மறவாமலும் தந்ததை எண்ணாமலும், கடல் கடந்த பிள்ளைகளின் முந்தானை முடிச்சில் ஒரு பிடி மஞ்சளாய்த் தானும் கப்பலேறி வந்து, அயல்மண்ணில் புற்றாய் எழுந்தருளிய தாயே, உன் திருவடி முதலில். ஒவ்வோர் உயிரையும் அதனதன் பெயரால் அழைப்பவள் நீ ஆகையால், இங்கே சொல்லப்படும் பெயர்களுள் ஒன்றேனும் பிழைபடாமல் காத்தருள்வாய்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே, கடலுக்கும் கரும்புக்கும் நடுவே ரோசாமேடு என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே ரோசா ஒரு செடியும் இல்லை. ரோஸ்மவுண்ட் என்று தோட்டத்துரை வைத்த பெயரை, ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய நம் மக்கள் தம் நாவுக்கு இசைந்தபடி மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவே. அவ்வூரின் மாரியம்மன் கோயில் மரச்சட்டமும் தகரக் கூரையுமானது. கருவறைக்குப் பின்னே ஆளுயரத்துக்கு ஒரு கறையான் புற்று நிற்கிறது. கோயிலுக்கு மூத்தது அந்தப் புற்று. புற்றைக் கண்டே பின்னாளில் கோயிலைக் கட்டினார்கள். நாள்தோறும் அதற்குப் பாலும், செவ்வாயும் வெள்ளியும் முட்டையும் மஞ்சளும் படைப்பது நூறாண்டாக நடந்து வரும் வழக்கம்.

கோயிலுக்குக் கீழே ஓடைவரை இறங்கும் நிலத்துக்குச் சரிவு என்று பெயர். தோட்டத்தில் மாண்டவர்கள் அங்கேதான் அடக்கமானார்கள். தோட்ட அலுவலகம் அவர்களை எண்களாகக் குறித்தது. எண்ணும் சில நாள் விடுபட்டது. ஆகவே, வடாற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஆண்டியப்பன் என்னும் குழிவெட்டி, மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, மாண்டவர் பெயர், கப்பல், வரிசை, தலைமாட்டிலிருந்து ஓடைக்கல்லுக்குத் தப்படி எத்தனை என்று ஒரு பதிவேட்டில் தன் கைப்பட எழுதி வந்தான். நாற்பத்தெட்டுப் பக்கம் நிரம்பிற்று. பிறகு அவனும் போனான்; ஏடு கோயிலின் தகரப் பெட்டிக்குள் போயிற்று. ஐம்பதுகளில், இன்னார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று சட்டம் வந்தபோது, ஓடையோரத்து ஜூலுக் குடிகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டு மலைகளுக்கு அனுப்பிவிட்டு, அதே ஆண்டு சரிவின் தலைமாட்டுக் கற்களைப் பிடுங்கி எறிந்து அங்கும் கரும்பு நட்டார்கள். அழுதவர்கள் போனபின் கல்லறை வயலாயிற்று.

இப்போது அந்த நிலத்தை வாங்கிய நிறுவனம் ஒன்று அங்கே சரக்குக் கிடங்கு கட்டப் புறப்பட்டது. "எங்கள் முன்னோர் அங்கே இருக்கிறார்கள்" என்று ஊர் சொன்னது. "எங்களுக்குக் கிடைத்த தோட்டப் புத்தகங்களில் அப்படி இல்லையே" என்று நிறுவனம் சொன்னது. மரபிடங்களைக் காக்கும் அரசு அலுவலகம், ஐம்பதாம் நாள் சரிவிலேயே நேர்விசாரணை என்றும், யார் எங்கே கிடக்கிறார் என்று காட்ட முடிந்த இடம் கல்லறை, காட்ட முடியாத இடம் வயல் என்றும் ஓலை அனுப்பியது.

அந்த ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் முழுவதும் திரும்பிப் பார்த்தது கோகிலாம்பாள் படையாட்சியை. நகர நூலகத்தின் பழந்தாள் பிரிவில் முப்பதாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்ந்திருக்கத் தெரியாமல், ஒரு கேமராவும் ஒரு ஸ்கேனரும் மடிக்கணினியுமாய் வீடு வீடாய்ப் போய், அடையாளச் சீட்டு, பள்ளி வருகைப் பட்டியல், கல்யாணப் பத்திரிகை என்று எதைக் கொடுத்தாலும் படமெடுத்து, மூன்று பிரதி செய்து, மூன்று ஊரில் வைப்பவர். ஊருக்கே அவர் கோகியக்கா.

கோகியக்கா தகரப் பெட்டியைத் திறந்தார். பதிவேட்டின் அட்டை இரண்டும் இருந்தன. நடுவில் தாள் இல்லை. தாள் இருந்த அளவுக்கே, தாளின் கனத்துக்கே, செம்மண் இருந்தது. நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் கறையான் தின்று தீர்த்திருந்தது.

அவர் அழவில்லை. அட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே புற்றுக்கு முன்னால் போய் நின்றார்.

"தின்னது உன் பிள்ளைங்க. பதில் சொல்ல வேண்டியவ நீ. நான் இப்போ வீட்டுக்குப் போறேன், நாளைக்குக் காலையில வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை, பூசாரி தருமலிங்கம் பாற்செம்போடு போனபோது, புற்றின் கிழக்கு முகத்தில், ஈரம் காயாத மண்ணில், நகத்தளவு எழுத்துகள் புடைத்து வரிவரியாக நின்றன. முதல் பக்கம். மேலே ஆண்டும் மாதமும். கீழே பெயர், கப்பல், வரிசை, தப்படி. ஒவ்வோர் எழுத்தும் ஆண்டியப்பன் கையெழுத்தே என்பது, அவன் பெயர் எழுதிய அட்டையை அருகில் பிடித்துப் பார்த்தபோது எல்லார்க்கும் தெரிந்தது. உச்சிவெயில் ஏறியதும் எழுத்து உலர்ந்து உதிர்ந்தது. அடுத்த காலை அடுத்த பக்கம் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு பக்கமாக நாற்பத்தெட்டு நாள், அதாவது ஒரு மண்டலம், என்று பூசாரி விரல்விட்டு எண்ணிச் சொன்னதும் ஊரார் தலையாட்டி, அப்படியானால் காலைச் சிற்றுண்டிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றார்கள்.

புற்று எழுதுகிறது என்பதில் எவர்க்கும் ஐயம் எழவில்லை. எழுந்ததெல்லாம் யார் எங்கே நிற்பது, எது முன் எது பின் என்பதில்தான்.

"ஆறு மணிக்கு அபிஷேகம், கோகி. எங்க தாத்தா காலத்து நேரம் இது. அம்மாவையே வரிசையில நிக்கச் சொல்லுவியா?" என்றார் பூசாரி.

"பால் ஊத்தினா எழுத்து கரைஞ்சிடும் ஐயா. படம் முதல்ல, பால் அப்புறம்."

"அதுவரைக்கும் அவளுக்குப் பசிக்காதா?"

"நூறு வருஷமா ஒரு புத்தகத்தையே தின்னிருக்கா. ஒரு மணி நேரம் தாங்குவா."

பூசாரி சிரித்துவிட்டார், சிரித்தபின் சண்டையிட முடியாமல் செம்பைக் கீழே வைத்தார். அன்று முதல் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, எழுத்தின் நிழல் விழும்படி செய்து, ஓரத்தில் ஓர் அளவுகோலும் பக்க எண் எழுதிய சீட்டும் வைத்துக் கோகியக்கா படமெடுப்பதும், அந்தச் சீட்டுக்கும் பூசாரி ஒரு குங்குமப் பொட்டு வைப்பதும், அதன்பின் அபிஷேகமும் என்று கோயிலில் புதிதாக ஒரு பூசை முறை உண்டாயிற்று. மழை வந்தால் என்ன செய்வது என்று தவித்தபோது, கூரை வேலை செய்யும் ஜூலு இளைஞர்கள் ஆறு கழிகளை நட்டு, புற்றைத் தொடாமல் தகரம் வேய்ந்து கொடுத்தார்கள். இந்தி பேசும் தெருவார் பூரி சுட்டு அனுப்பினார்கள். பள்ளிவாசல்காரர்கள் நாற்காலி தந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து, ஒரு கட்டி மண்ணை ஆய்வுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்க, "செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க, மண்ணை உள்ளயே விட்டுட்டுப் போங்க" என்றார் பூசாரி. அவரும் அப்படியே செய்து, நான்கு பூரி தின்றுவிட்டுப் போனார்.

எழுத்தை வாசிப்பது சதாசிவ வாத்தியாரின் பொறுப்பாயிற்று. ஊர்த் தமிழ்ப் பள்ளியில் முப்பத்தாறு ஆண்டு இலக்கணம் நடத்தியவர் அவர். ரோசாமேட்டில் பழைய எழுத்து அவருக்கு மட்டுமே படிக்க வரும். துதிக்கை தூக்கிய பழைய ணையும் லையும் கறையான் வாயிலிருந்து வளைந்து வந்திருப்பதைக் கண்ட அன்று, அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் உரக்க வாசிப்பார். கோகியக்கா தட்டச்சு செய்வார். சுற்றி நிற்பவர்கள் காது கொடுத்திருப்பார்கள். தம் கொள்ளுப்பாட்டன் ஜமீன் வம்சம் என்று அறுபது வயதுவரை சொல்லித் திரிந்த ஒரு பஸ் ஓட்டுநர், "குயவன், சக்கரம் கொண்டுவர அனுமதி இல்லை என்று அழுதவன்" என்று வாசிக்கக் கேட்டு, அன்றே போய்ப் பானை ஒன்று வாங்கித் தம் வீட்டு முற்றத்தில் வைத்தார். "பெயரிடாத பெண்மகவு, மூன்று நாள்" என்று தம் பாட்டி பெயரோடு வந்த வரியைக் கேட்ட ஓர் அம்மையார், தம் ஆத்தாளுக்கு ஒரு தமக்கை இருந்ததை அன்றுதான் அறிந்து, கூட்டத்தின் நடுவிலேயே முழந்தாளிட்டு, "உன் பேர் திலகவதி. இனிமே நீ திலகவதி" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். கோகியக்கா அந்த வரியைத் திருத்தவில்லை. குறிப்பென்று தனியாகக் கீழே எழுதினார். எழுதியது எழுதியபடி, நம் சொல் தனிக் கட்டத்தில் என்பது அவர் தொழிலின் நெறி. வாத்தியாருக்கும் அவருக்கும் பூசல் வந்ததும் அந்த நெறியால்தான்.

இருபத்தைந்தாம் பக்கம் முதல் ஒரு புதிய குறி வரத் தொடங்கியது. சரிவின் கீழைப்படியில், ஓடையை ஒட்டிக் கிடப்பவர்கள் பெயருக்கு முன்னே ஃ என்ற ஆய்த எழுத்து நின்றது. ஃஓபோ என்று ஒரு வரி. ஃஆபா என்று ஒரு வரி. ஃவாபே, ஃஏலே என்று மேலும் சில.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஆய்தம் சொல்லுக்கு முதல்ல வராது. வந்தா அது எழுத்தே இல்ல, குறி. மூணு புள்ளின்னா மூணு கல்லு, மூணு கல்லுன்னா அடுப்பு, அடுப்புன்னா நெருப்பு. இவங்கள எரிச்சிருக்காங்க."

"அப்போ ஓபோ, ஆபாங்கிறது?" என்றார் பூசாரி.

"ஒப்பாரி, ஐயா! சிதைக்குப் பக்கத்துல நின்னு ஜனங்க அழுத சத்தத்த அப்படியே காதால கேட்டு எழுதியிருக்கான். ஏலேங்கிறான் பாருங்க, ஆண்டியப்பன் திருநெல்வேலிச் சீமைக்காரன்தான்."

"கப்பல் சீட்டுல வடாற்காடுன்னு இருக்கே" என்றார் கோகியக்கா.

"கப்பல்காரனுக்கு என்ன தெரியும்?"

இலக்கணம் வாத்தியார் பக்கம் நின்றது. ஆயினும் ஃ என்பதையும் ஒப்பாரியையும் பட்டியலில் விட்டுவிடலாம் என்று அவர் சொன்னபோது கோகியக்கா மறுத்தார்.

"இருக்கறத இருக்கறபடி அடிப்பேன், வாத்தியார். உங்க கருத்து பக்கத்துக் கட்டத்துல."

"அர்த்தமில்லாததுக்கு எதுக்கும்மா ஒரு கட்டம்?"

"அர்த்தம் தெரியாததுக்குத்தான் கட்டமே வேணும்."

இரண்டு கட்டமும் நிரம்பின. முதற்கட்டத்தில் புற்றின் எழுத்து, இரண்டாவதில் வாத்தியாரின் "எரியூட்டப்பட்டவர்." நாற்பத்தைந்தாம் நாள், விசாரணைக்கு முன்பே பட்டியல் வேண்டும் என்று அலுவலகம் கேட்டபடியால், அதுவரை வந்த பக்கங்களை அவ்வாறே அனுப்பினார்கள். கீழைப்படியில் நாற்பத்து மூவர்; நாற்பத்து மூவர் பெயருக்கும் முன்னே மூன்று புள்ளி; நாற்பத்து மூவரும் எரியூட்டப்பட்டவர்.

இந்த நாட்களிலெல்லாம், கூட்டத்தின் கடைசியில், ஒரு ஜூலுப் பெண்மணி நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது கடந்தவர், பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவர், பெயர் பொங்கெகிலே. உள்நாட்டு மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கையில் எப்போதும் ஒரு முட்கிளை. நம் இலந்தைக்குத் தங்கை முறையாகும் மரம் அது. வீட்டுக்கு வெளியே மாண்டவர் ஆவியை அக்கிளையின் மேல் ஏற்றி, வழியெல்லாம் அதனோடு பேசிக்கொண்டே வீட்டுக்கு அழைத்துப் போவது அவர்கள் முறை. அவருடைய கொள்ளுப்பாட்டனார் மண்ட்லகாயிசே ரோசாமேட்டுச் சரிவில் கிடந்தார். அவரை அழைத்துவரச் சொல்லிவிட்டே தந்தை கண்மூடினார். எந்த இடம் என்று தெரியாமல் கிளையால் எதைத் தொடுவது? வட்டக் குடிலின் பின்சுவரோரம், மூதாதையர்க்கு உரிய இடத்தில், அவருக்காக ஒரு பாய் விரித்தபடியே கிடந்தது. ஆகவே அவர் நாள்தோறும் வந்து, தமக்குத் தெரியாத மொழியில் வாசிக்கப்படும் பெயர்களுள் தமக்குத் தெரிந்த ஒரு பெயருக்காகக் காத்திருந்தார். கிளை வாடினால் புதியது ஒடித்து வந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தப் பெயர் வந்தது. "ஏலே, மண்டலக் காசி" என்று வாத்தியார் வாசித்தார். பொங்கெகிலே கேட்டுக்கொண்டுதான் நின்றார். பெயர் அவர் காதுக்கு அருகே வந்து, அவரை அடையாளம் காணாமல் கடந்து போயிற்று.

நாற்பத்தெட்டாம் நாள் காலை, கடைசிப் பக்கம். புற்றின் முகம் முழுவதும் வெறுமையாயிருந்தது. நட்டநடுவில் மட்டும், ஆண்டியப்பனின் நேர்த்தியான கையல்லாத வேறொரு கையால், கோணலாக, ஆழமாக, மூன்று புள்ளிகள்.

"ஆண்டியப்பனையும் எரிச்சிட்டாங்க" என்று வாத்தியார் தாழ்ந்த குரலில் சொன்னார்.

கடைசியில் நின்ற பொங்கெகிலே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். அவர் ஆங்கிலமும் ஜூலுவும் கலந்து பேசியது தமிழில் இவ்வாறு இருக்கும்.

"சிசி கோகி, இது என் தாத்தாவின் கையொப்பம்."

"என்ன சொல்றீங்க?"

"அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாரும் பெருக்கல் குறி போடுவார்கள். அவர் மூன்று புள்ளி வைப்பார். ஏன் என்று கேட்டால், என் நண்பன் என் பெயரை இப்படித்தான் தொடங்குவான் என்பாராம். குழி வெட்டுவதில் அவருக்குத் துணை ஓர் இந்தியர். அந்த நண்பனை எறும்பு வீட்டின் அருகில் வைத்தேன் என்று என் தந்தையிடம் சொல்லியிருக்கிறார்."

"அது சிதைக் குறிம்மா" என்றார் வாத்தியார், பரிவோடு. "எரிச்சவங்களுக்குப் போடறது. உங்க பெரியவங்களயும் எரிச்சிருக்காங்க போல."

பொங்கெகிலே நிமிர்ந்தார். "பாபா, நாங்கள் எங்கள் ஆட்களை எரிப்பதில்லை. ஒருபோதும் இல்லை."

"சரிம்மா, கோவிக்காதீங்க. உங்க குடும்பப் பேர் என்ன?"

அவர் சொன்னார். அந்தப் பெயரின் தலையில், நாம் இரங்கும்போது நாக்கால் உச்சுக்கொட்டுவோமே, அந்த ஒலி முதலில் எழுந்தது. அதன் பின்னே, ஒரே மூச்சில், ஏலே.

கோகியக்காவின் கை மடிக்கணினியின் மேல் அப்படியே நின்றது.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

பொங்கெகிலே இன்னொரு தடவை உச்சுக்கொட்டிச் சொன்னார். பூசாரி பழக்கத்தால் தரையில் மூன்று முறை விரலால் தட்டினார். பல்லி சொல்லிவிட்டது என்று நினைத்துவிட்டார். கோகியக்கா முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து, புள்ளிகளைத் தொட்டுக் காட்டி, ஃஏலே மண்டலகாயிசே, ஏழாம் வரிசை, ஓடைக்கல்லிலிருந்து மேலே இருபத்தேழு தப்படி என்று தாமே திக்கித் திக்கி வாசித்தார். மண்ட்லகாயிசே என்று பொங்கெகிலே திருத்தினார். திருத்திவிட்டு, கிளையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க மொழியில இந்தச் சத்தம் எத்தனை?" என்று கேட்டார் கோகியக்கா.

"மூன்று" என்றார் பொங்கெகிலே. பல்லருகே ஒன்று, மேலண்ணத்தில் ஒன்று, கடைவாயில் ஒன்று என்று மூன்றையும் ஒலித்துக் காட்டினார்.

தன் முப்பது எழுத்திலும் தன் நண்பர்களின் பெயருக்கு இடமில்லாததைக் கண்ட அந்தக் குழிவெட்டி, இலக்கணம் சொல்லின் முதலில் நிறுத்தாத எழுத்தை முதலில் நிறுத்தி, மூன்று ஒலிக்கும் மூன்று புள்ளியாக வைத்துப் போயிருக்கிறான். வாத்தியார் அங்கே எல்லார் முன்னும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, புற்றை நோக்கி முழந்தாளிட்டுக் கைகூப்பினார்.

"முப்பத்தாறு வருஷம் சொல்லிக் குடுத்தேன். முதல்ல வராதுன்னு சொன்னேன். வந்து நின்னவங்கள எல்லாம் எரிச்சிட்டேன், தாயே."

"எரிச்சது போதும், எழுந்திருங்க" என்றார் கோகியக்கா. "நாளன்னிக்கு விசாரணை."

ஐம்பதாம் நாள் காலை பத்து மணிக்குச் சரிவில் கூடினார்கள். விசாரணை அதிகாரி ஓர் அம்மையார். ஊரார் அவர் குடும்பப் பெயரைச் சாபா என்று எழுதி, சாபா என்றே அழைத்து வந்தார்கள். அவரும் பொறுத்து வந்தார். நிறுவனத்தின் வழக்கறிஞர் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு சுருக்கமாகப் பேசினார்.

"மண்ணில் வந்த எழுத்தா, மனிதர் எழுதியதா என்று நான் கேட்கவில்லை. அவர்கள் தந்த பட்டியலையே ஏற்கிறேன். கீழைப்படியில் நாற்பத்து மூவரும் எரிக்கப்பட்டவர்கள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். சாம்பலுக்குக் கல்லறை இல்லை. மேலைப்படியை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். கீழைப்படியை எங்களுக்குத் தாருங்கள். இயந்திரங்கள் நாளை வருகின்றன."

சதாசிவ வாத்தியார் எழுந்தார். "அது என் கட்டம், அம்மா. தப்பு என்னோடது. பக்கத்துக் கட்டத்தப் பாருங்க; அது எழுதினவனோடது."

"அதை யார் வாசிப்பது?" என்றார் அதிகாரி.

பொங்கெகிலே முன்னே வந்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. மூன்று புள்ளி மட்டும் தெரியும். ஆகவே கோகியக்கா ஒவ்வொரு வரியிலும் புள்ளிக்குப் பின்வருவதை மெல்லச் சொல்ல, பொங்கெகிலே புள்ளிக்கு உரிய ஒலியைத் தலையில் வைத்துப் பெயரை முழுமையாக்கினார். ஓபோ என்று கோகியக்கா சொல்ல, அது மேலண்ணத்தில் அன்று, பல்லருகே ஒலித்துக் கோபோக் குடியின் பெயராய் எழுந்தது. வாபே என்று சொல்ல, குவாபேக் குடி எழுந்தது. ஆபா என்று சொன்னபோது, பொங்கெகிலே வாயைத் திறக்கும் முன்பே, அதிகாரியின் கடைவாயிலிருந்து அந்த ஒலி தானாகப் புறப்பட்டது.

"அது என் பெயர்" என்றார் அதிகாரி. ஊரார் பக்கம் திரும்பி, "சாபா இல்லை" என்றார்.

அதன்பின் நிறுத்த எவராலும் முடியவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூரை வேலைக்காரர்களும், பஸ் நிறுத்தத்தில் நின்ற பெண்களும், அந்தந்தக் குடிக்காரர்கள் அந்தந்தப் பெயரை ஏற்று ஒலிக்க, நாற்பத்து மூன்று பெயரும் கரும்புக்கு மேலாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடையைத் தாண்டிப் போயின. நூறாண்டாக அவர்களுக்கு எவரும் உச்சுக்கொட்டவில்லை. அன்று ஒரு சரிவு முழுவதும் உச்சுக்கொட்டியது, இரக்கத்தால் அன்று, அழைப்பால்.

"இது உணர்ச்சி, சான்று இல்லை" என்றார் வழக்கறிஞர். "மூன்று புள்ளி யாருடைய குறியாகவும் இருக்கலாம். எங்களிடம் வந்திருக்கும் தோட்டத்துப் புத்தகங்கள் எவ்வளவு ஒழுங்கானவை என்று பாருங்கள்." அவர் மேசையில் வைத்தது, காலையில் ஆட்களை வரிசையாய் நிறுத்திப் பெயர் கூப்பிட்ட பழைய வருகைப் புத்தகம்.

கோகியக்காவின் கண்கள் அந்தப் புத்தகத்தின் மேல் விழுந்தன. முப்பதாண்டு பழந்தாள் பார்த்த கண்கள் அவை. "தொடலாமா?" என்று கேட்டு, கைகளைத் துடைத்து, தாளின் மேல்மூலையைப் பிடித்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். நூற்றுக்கணக்கான பெருக்கல் குறிகள். எட்டாம் தாளில் நிறுத்தி, புத்தகத்தை அதிகாரியின் பக்கம் திருப்பி வைத்தார். ஆங்கில எழுத்தில் பொங்கெகிலேயின் குடும்பப் பெயர். அதற்கெதிரே, இன்னாரின் குறி என்ற இடத்தில், கோணலாக, ஆழமாக, மூன்று புள்ளிகள்.

பக்கத்தில் புற்றின் நாற்பத்தெட்டாம் படத்தை வைத்தார். இரண்டும் ஒரே கை.

"உங்கள் புத்தகம் ஒழுங்கானது என்பதை ஏற்கிறேன்" என்று வழக்கறிஞரிடம் சொன்னார் அதிகாரி.

பிறகு தப்படி வைத்தார்கள். ஓடைக்கல் ஓடையில்தான் இருந்தது. அதை எவரும் பிடுங்கவில்லை. ஏட்டில் சொன்னவற்றுள் ஏழு இடங்களில், அதிகாரியோடு வந்த மண் பார்ப்பவர்கள் மெல்லிய இரும்புக் கம்பியை இறக்கினார்கள். சுற்றிலும் இறுகிய நிலத்தில் முட்டி நின்ற கம்பி, அந்த ஏழு இடத்திலும், ஒரு காலத்தில் வெட்டி மூடிய மண்ணுக்குள் வழுக்கி இறங்கியது. ஏழாவது கம்பி இறங்கியபோது அதிகாரி கோப்பை மூடினார்.

"மேலைப்படியும் கீழைப்படியும் கல்லறை நிலம். இங்கிருந்து ஒரு பிடி மண்ணையும் எடுக்கக் கூடாது" என்றார்.

அப்போது எழுந்த ஆரவாரம் கடற்கரையில் மீன் பிடித்தவர்களுக்குக் கேட்டதாம். பெண்கள் குலவையிட்டார்கள், நம் குலவையும் ஜூலுக் குலவையும் வெவ்வேறென்று அதுநாள்வரை நினைத்திருந்தவர்கள், அன்று பிரித்துப் பார்க்க முடியாமல் விட்டுவிட்டார்கள். பூசாரி உடுக்கையை எடுத்தார். கூரை வேலைக்காரர் ஒருவர் அதைக் கேட்டு வாங்கி அவரைவிட நன்றாக அடித்தார். பூசாரி அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

பொங்கெகிலே மட்டும் ஆரவாரத்தினின்று விலகி, ஏழாம் வரிசையில், இருபத்தேழாம் தப்படியில், முட்கிளையை மண்ணின் மேல் மெல்லப் படுக்க வைத்தார்.

"பாபாம்குலு, பெரியவரே, நான் பொங்கெகிலே. நாழியாகிவிட்டது. வாருங்கள், வீட்டுக்குப் போவோம்."

கிளையை எடுத்துக்கொண்டு, பேசிக்கொண்டே நடந்தார். இது சரிவு, ஏறுங்கள். இது கோயில், உங்கள் மகனின் நண்பர் இங்கே இருக்கிறார், விடைபெற்றுக்கொள்ளுங்கள். எறும்பு வீட்டின் அருகில் என்று சொல்லிப் போன இடம் எது என்று ஊர் அறிந்துகொண்டிருந்தது. அன்றைய பால் புற்றுக்கு மட்டுமன்று, புற்றின் அடியில் கிடப்பவனுக்கும் என்று சொல்லியே பூசாரி ஊற்றினார். கோகியக்கா அதைக் குறிப்புக் கட்டத்தில் சேர்த்து, மூன்று பிரதி செய்து, மூன்று ஊருக்கு அனுப்பினார். நான்காவது பிரதியைப் பொங்கெகிலேயின் கைப்பையில் வைத்தார். புற்று அதன்பின் எழுதவில்லை. எழுத ஒன்றும் மீதி இல்லை.

வழியனுப்ப ஊரே பஸ்வரை போயிற்று. பஸ் நிரம்பியிருந்தது. சன்னலோரம் ஓர் இருக்கையில், எல்லாருக்கும் முன்பே ஏறி இடம்பிடித்து உட்கார்ந்திருந்தவர் சதாசிவ வாத்தியார்.

"நீங்க எங்க போறீங்க, வாத்தியார்?" என்று கீழேயிருந்து பூசாரி கத்தினார். "ரெண்டு நாளா வாய்க்குள்ள பல்லி வளர்க்கறீங்களே, அதையும் ஊருக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

உண்மைதான். இரண்டு நாளாக அவர் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டிருந்தார். ஒரு முறையும் சரியாக வரவில்லை. பொங்கெகிலே கிளையோடு ஏறி அருகில் வந்ததும், வாத்தியார் எழுந்து நின்றார். தம் துண்டால் இருக்கையைத் துடைத்தார். துண்டை இடுப்பில் கட்டி, கிளையைப் பார்த்துக் குனிந்து, நாக்கைப் பல்லில் வைத்து இழுத்தார்.

"ஃஏலே ஐயா, வாங்க. உக்காருங்க."

பிழையே இல்லை. பொங்கெகிலே கிளையைச் சன்னலோர இருக்கையில் அமர்த்தினார், பஸ் புறப்பட்டது.

அன்னையே, இந்தக் கதையைச் சொன்ன வாய்க்கும் கேட்ட செவிக்கும் உன் காவல் உண்டாகுக. கேட்பவர் எக்கரையில் இருந்தாலும், அவர்தம் முன்னோர் எம்மண்ணில் கிடந்தாலும், அவர்களைப் பெயர் பிழையாமல் அழைக்க ஒரு நா இருப்பதாக. அழைத்தால் அவர்கள் வருவார்களாக. வருபவர்க்கு இவர்தம் இல்லத்தில் எந்நாளும் ஓர் இருக்கை இருப்பதாக.